கம்பியின் கடைக்கோடியில் ஞாயிறும் காற்றும்

(காங்கேசன்துறையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மின்சக்தியைப் பற்றியும், அதனை இயற்கையிடமிருந்து பெறும் ஆராய்ச்சிகளைப் பற்றியும் பேசுமாறு நீங்கள் என்னைப் பணித்தபோது, அதற்குக் காங்கேசன்துறையைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இலங்கைத் தீவில் வேறு உண்டோ என்ற எண்ணமே எனக்கு முதலில் தோன்றிற்று. 1905-ஆம் ஆண்டிலே முழுமையுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதை முடிவடைவது இவ்வூரில். யாழ்ப்பாணத்து வீதி கடலைக் கண்டு நிற்பதும் இவ்வூரில். அவ்வாறே மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்திலும் பிறக்கின்ற மின்சாரம், வவுனியாவையும் கிளிநொச்சியையும் கடந்து, சுன்னாகத்து உபநிலையத்தில் அழுத்தம் தணிந்து, ஒழுங்கைகள் தோறும் பிரிந்து பிரிந்து வந்து, தன் பிரயாணத்தை முடித்துக்கொள்வதும் இக்கடற்கரையில்தான்.

கம்பியின் கடைக்கோடியில் வாழ்பவர்களுக்கு ஒரு தனி அநுபவம் உண்டு. கம்பி எங்கே அறுந்தாலும் அவர்கள் வீட்டு விளக்கு அணையும். வடக்கில் யுத்தம் மூண்டபின் இந்தத் தீபகற்பம் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் கிளிநொச்சிக்கும் சுன்னாகத்துக்கும் இடையே 132 கிலோவோல்ற்றுக் கம்பி இழுக்கப்பட்ட பின்னரே மீண்டும் அதனோடு பிணைக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்காலம் முழுவதும் நாம் அக்கட்டமைப்பின் எல்லைக்கு வெளியே நின்றோம். அத்தகைய நாம், புதிய சக்தி ஆராய்ச்சியைப் பிறர் கண்டுபிடித்துத் தரும் ஓர் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது என்பதும், தனித்து நிற்கவும் வேண்டியபோது தேசத்தோடு சேர்ந்து இயங்கவும் வல்ல ஒரு மின்கட்டமைப்பை இந்த மண்ணிலேயே ஆராய்ந்து, இந்த மண்ணின் பிள்ளைகளைக் கொண்டே இயக்க வேண்டும் என்பதுமே இன்று நான் உங்கள் முன் வற்புறுத்த வந்த செய்தி.

1950-ஆம் ஆண்டிலே இங்கு தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையை நீங்கள் அறிவீர்கள். நமது மண்ணின் அடியில் கிடக்கும் சுண்ணக்கல்லை வெட்டி, பொடித்து, பெருஞ்சூளையிலே வேகவைத்து, நாடெங்கும் அனுப்பிய அந்த ஆலை 1990-இல் நின்றது. அதன் சூளைக் கோபுரங்களையும், கல் அகழ்ந்த பெரும் பள்ளங்களையும் இன்றும் வீதியில் போவோர் பார்த்துச் செல்கின்றனர். ஆலை நின்ற அதே காலத்தில் ஊரும் வெறிச்சோடியது. இங்கிருந்தவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்து, கோயில் மடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் ஆண்டுக்கணக்காய்க் காலம் தள்ளினர்.

அந்த இருட்டில் நடந்த ஒன்றைத்தான் இன்றைய பேச்சின் முதற் பாடமாக எடுத்துக்கொள்கிறேன். மண்ணெண்ணெய் பொன்னின் விலை பெற்ற நாட்கள் அவை. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, ஒரு திரியை நட்டு, எண்ணெய் கரையாமல் எரியும் விளக்கைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்றி வைத்தோம். றேடியோவுக்குப் பற்றரி கிடையாது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்தில் ஊன்ற நிறுத்தி, பின்சில்லில் டைனமோவின் தலை உரசும்படி பொருத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசைச் செய்தி கேட்டோம். டைனமோ தருவது அலையும் மின்னோட்டம். றேடியோ வேண்டுவது நேரோட்டம். அந்த வித்தியாசத்தைச் சில டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் ஒட்டிச் சரிப்படுத்தியவர்கள் ஊரிலிருந்த றேடியோ திருத்துநர்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தியும் இழுபட்டு மங்கும். உடனே இன்னொருவர் எழுந்து கை மாற்றுவார்.

சைக்கிள் டைனமோ சாதாரணமாக 6 வோல்ற்றில் 3 வாற்று வலுத் தருவது. ஒரு மணி நேரம் ஓயாமல் சுற்றினால் 3 வாற்று-மணி. மின்கட்டணப் பட்டியலில் நாம் ஓர் அலகு என்று காசு கொடுப்பது 1,000 வாற்று-மணி. எனவே ஓர் அலகு மின்சாரத்துக்கு அந்தச் சில்லை 333 மணி நேரம் சுற்றியாக வேண்டும். அதே ஓர் அலகை, கூரையிலே விரித்த ஒரு கிலோவாற்றுச் சூரியத் தகடு, நல்ல வெயிலில், உச்சிப்பொழுதின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் தந்துவிடுகிறது. நாளொன்றுக்குச் சுமார் நான்கு அலகு தருகிறது. இக்கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருமுறை தம் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மின்சாரத்தின் உண்மையான பெறுமதி அப்பொழுதுதான் மனத்தில் பதியும்.

அந்த டைனமோ றேடியோவை இயக்கியதுபோல, சுற்றுப்புறத்தில் வீணே சிந்திக்கிடக்கும் சிறிதளவு சக்தியைச் சேகரித்து, சிறியதொரு கருவியை இயக்குவதற்கென இன்று உலகெங்கும் ஒரு தனி ஆராய்ச்சித்துறையே வளர்ந்திருக்கிறது. அதன் வேர்கள் பழையன. வெப்பநிலை வேறுபட்ட இரு உலோகச் சந்திகளிடையே மின்னோட்டம் பிறப்பதை ஸீபெக் 1821-இல் கண்டார். ஒளியால் மின்சாரம் தோன்றுவதை எட்மண்ட் பெக்கரல் 1839-இல் கண்டார். சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைப் பியர் கியூரியும் ஜாக் கியூரியும் 1880-இல் வெளியிட்டனர். நெடுங்காலம் இவை கருவிகளை இயக்கும் சக்தி ஊற்றாகப் பெரிதும் பயன்படாதிருந்தமைக்குக் காரணம், இவை தரும் வலு அற்பமாகவும் அக்காலக் கருவிகள் கேட்கும் வலு பெரிதாகவும் இருந்ததே. இன்று நிலைமை மாறிவிட்டது. மில்லிவாற்றிலும் மைக்ரோவாற்றிலும் உயிர்வாழும் உணரிகள் வந்துவிட்டன. அவை பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடந்து, சில விநாடி விழித்து, அளந்ததைக் கம்பியில்லாமல் அனுப்பிவிட்டு மறுபடி உறங்குகின்றன.

யாழ்ப்பாணத்துக்கு இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். நமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கற்பாறையின் இடுக்குகளில் மழைநீர் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய் மிதந்து கிடப்பதையே கிணறு தோண்டி உண்டு வாழ்கிறோம். துலாவால் இறைத்த காலத்தில் அப்படலத்துக்கு ஆபத்தில்லை. இயந்திரப் பம்பு வந்தபின், கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியது. பயிருக்கு இடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்தது. எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எத்தனை அடி ஆழத்தில் உவர் தலைகாட்டுகிறது என்பதை ஆண்டு முழுவதும் அளந்து வைத்திருந்தால், இறைப்பை முன்கூட்டியே மட்டுப்படுத்தலாம். ஆயிரக்கணக்கான கிணறுகளுக்கு ஆள் அனுப்பி அளப்பது நடவாத காரியம். உள்ளங்கையளவு சூரியத் தகட்டால் வாழும் ஓர் உணரியைக் கிணற்றுக்கட்டில் பொருத்துவது நடக்கக்கூடிய காரியம். இதுவே நமது பல்கலைக்கழக மாணவர் எடுத்துச் செய்யத்தக்க, வேறெவரும் நமக்காகச் செய்து தரமாட்டாத ஆராய்ச்சி என்று கருதுகிறேன்.

பெரிய அளவிலான சூரிய சக்திக்கு வருவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1954-இல் செய்யப்பட்ட சிலிக்கன் மின்கலம் தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் வாங்கும் தகடு இருபதுக்கு மேல் மாற்றுகிறது. சிலிக்கனைத் தூய்மை செய்து வார்ப்பதற்குப் பெருஞ்சூடும் பெருஞ்செலவும் வேண்டியிருப்பதால், மலிவான வேறு பொருள்களை விஞ்ஞானிகள் நெடுநாளாய்த் தேடி வருகின்றனர். 1991-இல் ஓரீகனும் கிராட்ஸலும், தைத்தானியம் ஈரொட்சைட்டின் நுண்துகள்மேல் சாயத்தை ஏற்றி ஒளியைக் கிரகிக்கும் மின்கலத்தை வெளியிட்டனர். 2009-இல் ஜப்பானில் மியாசாகாவின் குழுவினர் பெரோவ்ஸ்கைற்று என்னும் பளிங்கமைப்புடைய சேர்வையைப் பிரயோகித்து நூற்றுக்கு 3.8 என்ற அளவில் தொடங்கி வைத்தது, பதினைந்து ஆண்டுக்குள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

இந்த உலகளாவிய தேடலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பெருமையோடு சொல்வேன். திருநெல்வேலியிலுள்ள அதன் பௌதிகத்துறையில், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஜெனி நெல்சனோடு ஆராய்ச்சி செய்து திரும்பிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், தூய சக்திக்கான ஓர் ஆய்வுகூடத்தை வளர்த்தார். தைத்தானியம் ஈரொட்சைட்டையும் சேதன பல்பகுதியங்களையும் சேர்த்த கலப்பு மின்கலங்களும், தாவரங்களிலிருந்து எடுக்கும் இயற்கைச் சாயங்களை ஏற்றிய மின்கலங்களும், பின்னர் பெரோவ்ஸ்கைற்று மின்கலங்களும் அங்கு ஆராயப்பட்டன. நோர்வேயின் பேர்கன் நகரில் பேராசிரியராயுள்ள நம்மவர் வேலாயுதபிள்ளை தயாளனின் முயற்சியால், மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு உறவு ஏற்பட்டு, மாணவர் பரிமாற்றமும் கூட்டாராய்ச்சியும் நடந்தன. தமிழ்நாட்டு ஆய்வாளரும் அவ்வட்டத்தில் இணைந்தனர். குண்டு விழுந்த நகரிலிருந்து, மின்சாரம் அற்ற காலத்தில் படித்த பிள்ளைகள், ஒளியை மின்சாரமாக்கும் பொருளைப் பற்றி உலகத்து ஆராய்ச்சி ஏடுகளில் எழுதியது சிறிய காரியமன்று.

பெரோவ்ஸ்கைற்றின் முதற் பகைவன் ஈரம். நனைந்த காற்று பட்டால் அப்பளிங்கு சிதைந்து போகிறது. அதில் ஈயம் இருப்பதும் ஒரு குறை. குளிர்ந்து உலர்ந்த காற்றுள்ள தேசத்து ஆய்வுகூடத்தில் ஆயிரம் மணி நேரம் நிலைத்ததென்று கொண்டாடப்படும் மின்கலம், மார்கழி மாதத்து மழையிலும் கடலிலிருந்து எழும் உப்புக்காற்றிலும் எத்தனை நாள் நிலைக்கும் என்பதைக் காங்கேசன்துறையிலேதான் சோதித்தறிய முடியும். சிலிக்கன் தகடுகளுக்கும் இது பொருந்தும். கடற்கரையிலுள்ள ஒரு வீட்டின் கூரையிலேறித் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். மழையில்லாத ஆடி, ஆவணியில் விரலில் உப்பும் புழுதியும் சேர்ந்த வெண்படலம் ஒட்டும். அலுமினியச் சட்டம் இரும்பு ஆணியைச் சந்திக்கும் இடத்தில் வெண்பொடி பூத்திருக்கும். நிலத்துக்குச் செல்லும் செப்புக் கம்பியின் பிடி பச்சை நிறம் கொண்டிருக்கும். நிறுவிய மறுநாள் எடுத்த புகைப்படத்தை விளம்பரத்தில் போடுவோர் பலர். ஐந்தாம் ஆண்டில் அந்தப் பிடியைக் கழற்றிப் பார்ப்பவர் சிலரே. நம் நாட்டுச் சக்தி ஆராய்ச்சியில் மிகுந்த அவசியம் இருப்பதும், மிகக் குறைந்த கவனம் செலுத்தப்படுவதும் இந்தப் பராமரிப்பு அறிவுக்கே என்று துணிந்து கூறுவேன்.

காற்றைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளருக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது! சோளகமும் கச்சானும் கொண்டலும் வாடையும் எப்போது பிறக்கும், எப்போது விழும் என்பதை அவர்கள் பஞ்சாங்கம் பாராமலே அறிவர். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது அக்காற்றறிவின் பலத்தினாலேயே. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகமே காற்றாலைகளுக்குப் பிரதான பருவம். மார்கழி, தை மாதத்து வாடை இரண்டாவது பருவம்.

காற்றாலை விஷயத்தில் மனத்தில் நிறுத்த வேண்டிய விதி ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் வலு எட்டு மடங்காகும். விநாடிக்கு 6 மீற்றர் வீசும் காற்று ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஏறக்குறைய 130 வாற்று வலுவைச் சுமந்து வருகிறதென்றால், 7 மீற்றர் வீசுங்கால் 200 வாற்றுக்கும் மேல் வருகிறது. 3 மீற்றராகத் தணிந்தால் 16 வாற்றே மிஞ்சும். அவ்வளவையும் எந்த இயந்திரத்தாலும் கவர முடியாது, நூற்றுக்கு 59.3 பங்குதான் உச்ச எல்லை என்று ஜெர்மானிய விஞ்ஞானி பெற்ஸ் நிறுவினார். ஆகையால், ஓரிடத்தின் காற்றை ஓராண்டேனும் உயரத்தில் அளவாமல் காற்றாலை நாட்டுவது பணத்தைக் கடலில் எறிவதாகும்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986-இல் காற்றாலைகள் முதலில் எழுந்தன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் காற்றாலைக் காடாயின. அங்கே சில பருவங்களில், காற்று மிகுந்து வீசியும், உற்பத்தியான மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பிகள் போதாமையால் காற்றாலைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. நமது பக்கத்தில் பளைப் பகுதியில் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு காற்றாலைப் பண்ணைகள் இயங்கத் தொடங்கின. மன்னார்த் தீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு மின்சார சபை நிறுவிய தம்பபவனி, 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாற்று வலுவும் கொண்டதாய் 2020-இல் தொடங்கிற்று.

மன்னாரில் அதற்குப்பின் நிகழ்ந்தவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அங்கும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம், விலை பற்றிய சர்ச்சைகளுக்கும் நீதிமன்ற வழக்குகளுக்கும் பின் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாண்டிலேயே புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வலசை வரும் பறவைகளின் பாதை, மழைநீர் வடிந்தோடும் தாழ்நிலம், மீனவரின் வாடி, இவை யாவும் அத்தீவில் நெருங்கிக் கிடக்கின்றன. புதிய சக்தி வேண்டாமென்று அம்மக்கள் சொல்லவில்லை; தங்களைக் கேளாமல் தங்கள் நிலத்தில் நடப்படுவதையே அவர்கள் மறுத்தனர். அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் ஏற்கிறேன். காற்று எல்லோர்க்கும் பொது. ஆனால் தூண் நிற்கும் நிலம் ஒரு கிராமத்துக்கு உரியது.

அதே வேளையில், பழைய வழியே போதும் என்பாருக்குச் சுன்னாகத்தை நினைவூட்டுவேன். எண்ணெய் எரித்து மின்சாரம் செய்த நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்ததும், தாய்மார் போத்தலும் குடமும் ஏந்திப் பவுசர் வண்டியைக் காத்து நின்றதும், 2019-இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்துமாறு பணித்ததும் நம் கண்முன் நிகழ்ந்தவை. நிலத்தடி நீரையே பெரிதும் நம்பி வாழும் தேசத்தில், எண்ணெய் மின்சாரம் எவ்வளவு மலிவாயினும் மலிவன்று.

இனி, இப்பொருளின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். மின்சாரத்தை உற்பத்தி செய்வது பாதி வித்தை. அதனை விநாடிதோறும் தேவையோடு ஒப்பச் செய்வது மறு பாதி. நமது கட்டமைப்பின் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை ஒரு திசையில் சென்று திரும்பி முழுச் சுற்று அலைகிறது. தேவை கூடினால் அந்த எண் 50-க்குக் கீழே சரியும். உற்பத்தி கூடினால் மேலே ஏறும். நீர்மின் நிலையத்திலும் நிலக்கரி நிலையத்திலும் பல தொன் நிறையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டிருப்பதால், பாரம் ஏற்றிய மாட்டுவண்டிச் சில்லு மேட்டில் ஏறினாலும் சட்டென்று நின்றுவிடாததுபோல, திடீரென ஒரு நிலையம் விழுந்தாலும் அவற்றின் சடத்துவம் சில விநாடி அவகாசம் தருகிறது. சூரியத் தகட்டில் சுழலும் பாகம் ஏதுமில்லை. அதன் நேரோட்டத்தை அலையும் மின்னோட்டமாக்கும் இன்வேட்டர், கட்டமைப்பின் அந்த 50 என்னும் தாளத்தைக் கேட்டுப் பின்பற்றுவது. தாளம் பிசகினால் தன்னைக் காத்துக்கொள்ள உடனே விலகிவிடுவது.

2025 பெப்ரவரி 9-ஆம் தேதி நடந்தது அதுதான். ஞாயிற்றுக்கிழமை, முற்பகல், அலுவலகங்களும் ஆலைகளும் மூடியிருந்தமையால் தேவை குறைவு, வெயிலோ மிகுதி, எனவே கட்டமைப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகமாகவும் சுழலும் இயந்திரங்களின் பங்கு குறைவாகவும் இருந்தன. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடர்புபட்டதாகச் சொல்லப்பட்டது. அந்தச் சிறு அதிர்வைத் தாங்கமாட்டாமல் தீவு முழுவதும் இருண்டது. பலர் குரங்கைப் பற்றியே பேசினர். ஒரு மூலையில் நேர்ந்த தடங்கல் முழுத் தேசத்தையும் வீழ்த்தும் அளவுக்குக் கட்டமைப்பு ஸ்திரமிழந்திருந்தது என்பதே பேசியிருக்க வேண்டிய விஷயம். அதையடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளரை வேண்டிக்கொண்டது. வெயிலைக் கவரப் பெருந்தொகை கடன்பட்டவர்களிடம், வெயில் எறிக்கும் நேரத்தில் நிறுத்துங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அதிலிருந்தே நமக்கு இல்லாதது தகடு அல்ல என்பது தெளிவாகும்.

தேசத்துக்கு நேர்ந்ததன் சிறிய வடிவம் நமது ஒழுங்கைகளிலும் உண்டு. மின்மாற்றியிலிருந்து மிகத் தொலைவில் நிற்கும் கடைசி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் அயல் வீடுகளின் தகடுகள் யாவும் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளுவதால், 230 வோல்ற்று இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் ஏறி, அவ்வீட்டு இன்வேட்டர் தானாகவே நின்றுவிடுகிறது. மாலை ஆறரைக்கு மேல் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஒருங்கே இயங்க, அதே வீட்டில் அழுத்தம் விழுந்து விளக்கு மங்குகிறது. நண்பகலில் மிகையும் இரவில் குறையுமாகிய இந்த வியாதிக்கே நுண்ணறிவு மின்கட்டமைப்பு மருந்தாகிறது. இரு திசையிலும் அளந்து செய்தி அனுப்பும் மீற்றர், ஒழுங்கைக்கு ஒரு பற்றரித் தொகுதி, பின்பற்றுவதை விட்டுத் தாமே தாளம் அமைக்க வல்ல புதிய இன்வேட்டர்கள், நேரத்துக்கேற்ப மாறும் விலை ஆகிய நான்கும் சேர்ந்தால் அது உருவாகும்.

இவையெல்லாம் வேறெங்கோ உள்ள செல்வ நாடுகளின் வித்தை என்று எண்ணவேண்டாம். காங்கேசன்துறைக்குத் தென்மேற்கே, நமது தீவுப்பகுதியிலேயே அதற்குரிய பாடசாலைகள் இருக்கின்றன. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைக்கப்பட்ட கலப்பு மின்தொகுதியில், சூரியத் தகடுகளும் சிறு காற்றாலைகளும் லித்தியம் பற்றரியும் டீசல் மின்பிறப்பாக்கியும் ஒன்றாய்ச் சேர்ந்து இயங்கும்படி செய்யப்பட்டது. அதனை அடுத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கான திட்டம் 2021-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியா ஆட்சேபித்ததால் கைவிடப்பட்டது. பின் இந்திய அரசின் நன்கொடையாக மாற்றப்பட்டு, 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாற்றுச் சூரிய வலு, 530 கிலோவாற்றுக் காற்று வலு, 2,400 கிலோவாற்று-மணி பற்றரிச் சேமிப்பு, ஆபத்துக்குத் துணையாக 2,500 கிலோவாற்று டீசல் மின்பிறப்பாக்கிகள் என்பது அதன் அளவு. சில ஆயிரம் பேர் வாழும் மூன்று தீவுகளின் விளக்குகளைப் பற்றி இரண்டு வல்லரசுகள் போட்டியிட்டதை உலகப் பத்திரிகைகள் எழுதின. தீவு மக்களுக்குப் படகில் டீசல் பீப்பாய் வருவது எந்நாளில் குறையும் என்ற கேள்வியை எழுதியவர் அரிது.

அந்தத் தீவுகளின் மின்தொகுதிகளே என் கருத்தில் இந்தத் தீபகற்பத்தின் மிகப் பெறுமதியான ஆய்வுகூடம். தேசியக் கட்டமைப்போடு கம்பித் தொடர்பில்லாத இடத்தில், மேகம் மறைக்குந்தோறும், காற்று விழுந்தெழுந்தோறும், தாளத்தை 50-இலேயே நிறுத்தி வைக்கும் வித்தையை அவை தினமும் பயில வேண்டியிருக்கின்றன. அந்த வித்தையைக் கற்றவர், நாளைக்குச் சுன்னாகத்துக்குத் தெற்கே கம்பி அறுந்தாலும் தீபகற்பம் தன் காலில் நிற்கும்படி செய்ய வல்லவராவார். 2025 ஏப்ரல் 5-இல் இந்தியாவும் இலங்கையும் தம் மின்கட்டமைப்புகளை இணைப்பதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இத்துறைக்குக் கப்பல் வந்ததுபோல் ஒருநாள் மின்சாரமும் கடல் தாண்டி வரலாம். வரட்டும். எனினும் கடல் கடந்து வருவதும் கம்பி வழியே வருவதுதானே. தானே நிற்கத் தெரிந்த கட்டமைப்புக்கே அத்தகைய இணைப்பு நன்மை செய்யும்.

சேமிப்பு என்றதும் எல்லோரும் பற்றரியையே நினைக்கின்றனர். அது வேண்டியதே. ஆயினும் நண்பகலின் மிகை மின்சாரத்தை வைத்திருப்பதற்கு மலிவான களஞ்சியங்கள் வேறு உண்டு. தாளையடியில் 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருமளவுக்கு அமைந்தது. உவர்நீரை மென்படலத்தினூடே பெரும் அழுத்தத்தில் செலுத்துவதற்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். அந்நிலையத்தின் பெரும் பகுதி வேலையையும் வெயில் உச்சியில் நிற்கும்போது செய்து, நீரைத் தாங்கிகளில் நிரப்பினால், இரவில் குழாயைத் திறப்பவர் பகல் வெயிலையே குடிக்கிறார். மயிலிட்டித் துறையில் மீனுக்கு வேண்டிய ஐஸையும் அவ்வாறே பகலில் உறையவைக்கலாம். வெங்காயத் தோட்டத்துப் பம்பையும் விடியற்காலைக்குப் பதிலாக முற்பகலுக்கு மாற்றலாம். பயிருக்கு அது ஒவ்வாது என்று கமக்காரர் சொன்னால், விடியலில் பாய்ச்சும் நீரை முதல்நாள் நண்பகலிலேயே தொட்டியில் ஏற்றி வைக்கலாம். இவற்றுக்கு நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. பகல் மின்சாரத்துக்கு மலிந்த விலையும், நேரம் காட்டும் மீற்றரும், அதைத் தன்னியக்கமாய்த் தொடங்கி நிறுத்தும் சிறு ஆளியும், கமக்காரரோடும் மீனவர் சங்கங்களோடும் இருந்து பேசும் பொறியியலாளரும் வேண்டும்.

இவ்வூருக்கென ஒரு வார்த்தை. சீமெந்துக்குக் கல் வெட்டிய நிலம் பயிருக்கு உதவாமல் கிடக்கிறது. சூரியத் தகடுகளை விரிக்க இடம் தேடுவோர், புகையிலையும் வெங்காயமும் விளையும் செம்மண்ணில் கண் வையாமல், அந்த அகழ்ந்த நிலத்தின் ஓரங்களை முதலிற் பார்க்கட்டும். அதற்குமுன், அந்நிலத்துக்கு உரியோர் யார், திரும்பி வந்தவர்களுக்கு அதில் உள்ள பாத்தியதை என்ன என்பதை முடிவு செய்யட்டும்.

கடைசியாக, இச்சபையிலுள்ள மூவகையினரிடம் மூன்று விண்ணப்பங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்தாரும், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு இளைஞர்களை ஆண்டுதோறும் அழைத்து, பற்றரித் தொகுதியையும் இன்வேட்டரையும் பேணவும் பழுது பார்க்கவும் பயிற்றி, தகுதிச் சான்றிதழ் வழங்கி அனுப்ப வேண்டும். இல்லையேல் பெங்களூரிலிருந்து ஆள் வரும் வரையில் தீவு இருட்டில் கிடக்கும். மின்வழங்கலுக்குப் பொறுப்பானோர், தீவுகளின் மின்தொகுதிகள் மணிக்கு மணி என்ன உற்பத்தி செய்தன, எவ்வளவு டீசல் எரித்தன என்ற கணக்கை ஒளிவின்றி வெளியிட வேண்டும். அக்கணக்கு இல்லாமல் எந்த மாணவனும் ஆராய முடியாது. பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர்களே, உங்கள் கூரையிலுள்ள மீற்றரின் எண்ணையும், கொடிமரத்து உயரத்தில் கட்டிய சிறு காற்றளவியின் எண்ணையும், நாள்தோறும் காலையிலும் மத்தியானத்திலும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். காங்கேசன்துறையின் வெயிலையும் காற்றையும் பற்றிய அந்தக் கொப்பியை அடுத்த தைப்பொங்கலுக்குள் தொடங்கிவிடுமாறு உங்களை வேண்டி அமர்கிறேன்.